பழைய மின்கலமும் புதிய உலோகமும்



பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் தொடக்கப்பள்ளி மாணவனாக இருந்த காலத்தில், கரும்பலகைக்குக் கரி பூசும் நாள் எங்களுக்கு ஒரு சிறு திருவிழா. ஊமத்தை இலையும் கோவை இலையும் பறித்துவரச் சிலர் ஓடுவார்கள். வேறு சிலர் வீடு வீடாகச் சென்று, தீர்ந்துபோன டார்ச்சுலைட்டுக் கட்டைகளைக் கேட்டு வாங்கிவருவார்கள். அவற்றைக் கருங்கல்லின்மேல் வைத்துத் தட்டினால் உள்ளிருந்து ஈரம் கசிந்த கருந்தூள் உதிரும். நடுவே ஒரு கரிக்கோல் நிற்கும். சுற்றிலும் உறையாக இருந்த வெண்ணிறத் தகடு பொத்தல் பொத்தலாக அரித்துக் கிடக்கும். தூளை இலைச்சாற்றோடு அரைத்துப் பலகையில் பூசுவோம். கரிக்கோலால் தரையில் பாண்டி விளையாட்டுக்குக் கோடு கிழிப்போம். தகட்டை வேலிக்கு அப்பால் எறிந்துவிடுவோம். பின்னாளில் நானே இரசாயனம் கற்பிக்க நின்றபோதுதான், பலகையில் பூசியது மாங்கனீஸ் டையாக்ஸைடு என்பதும், வேலிக்கு அப்பால் எறிந்தது துத்தநாகம் என்பதும் என் மனத்தில் ஒன்றோடொன்று பொருந்தின. பூமியைக் குடைந்து, கல்லை அரைத்து, உலையில் இட்டுப் பெற்ற இரண்டு உலோகங்களின் கதை, எங்கள் பள்ளிக்கூடத்து வேலியோரம் முடிந்துபோயிற்று.

அந்தக் கதை அப்படி முடியவேண்டியதில்லை என்பதையும், அதைத் தவறான முறையில் நீட்டித்தால் என்ன நேரும் என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாவது பகுதியை நான் புத்தகத்தில் கற்கவில்லை. என் கையெழுத்தே எனக்கு அதைக் கற்பித்தது.

உலோகத்துக்கு ஓர் இயல்பு உண்டு. மரம் எரிந்தால் சாம்பலாகும். துணி கிழிந்தால் கந்தலாகும். உலோகமோ எத்தனை முறை உருக்கினாலும் உலோகமாகவே நிற்கும். நம் உழவர்கள் இதை நன்கு அறிவார்கள். தேய்ந்த கொழுவைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுசென்றால், கொல்லர் அதைக் காய்ச்சி, வேறு இரும்பு சேர்த்து அடித்துக் கூர்மையாக்கித் தருவார். பழைய இரும்பைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற நினைவு என் வயதுடையோர் பலருக்கும் இருக்கும். அந்தப் பழவண்டிக்காரர் தெருவில் கூவிச் சென்றபோது, மறுசுழற்சி என்னும் சொல்லை எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆயினும் காரியம் நடந்தது.

மின்கலத்துக்கு வருவோம். கலம் என்பது ஒன்று; கலங்கள் பல சேர்ந்த அடுக்கையே பாட்டரி என்கிறோம். 1800-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். டார்ச்சுலைட்டுக் கட்டைக்கு முன்னோடியான கலத்தைப் பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே 1866-இல் அமைத்தார். அவற்றுக்கு இடையே, 1859-இல், பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்ட்டே காரீயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் நிறுத்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய சேமிப்புக் கலத்தை உண்டாக்கினார். லாரியிலும் டிராக்டரிலும், மின்சாரம் நின்றவுடன் விளக்கெரிக்கும் இன்வெர்ட்டரிலும் இன்றும் பெரும்பாலும் இருப்பது அவருடைய கலத்தின் வழித்தோன்றலே.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஈயம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இரு வேறு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், இரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயத்தால். பாட்டரியில் இருப்பது காரீயம், அது நஞ்சு. வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்கும் வணிகரும் உண்டாதலால், ஈயச்சொம்பு வாங்குவோர் நம்பிக்கையான கடையில் வாங்குதல் நலம். இது பாடத்துக்குப் புறம்பானது. எனினும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

காரீயப் பாட்டரியின் ஒரு தகடு தூய காரீயம். மற்றொன்று காரீய டையாக்ஸைடு. மின்சாரத்தை வெளியே எடுக்கும்போது இரண்டின்மீதும் காரீய சல்பேட்டு என்னும் வெண்பொருள் படிகிறது, திராவகம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் முற்றிலும் திரும்புவதில்லை. சிறிது வெண்பொருள் கல்போல் இறுகித் தகட்டிலேயே தங்கும். சிறிது உதிர்ந்து அடியில் சேறாகும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் பாட்டரி தீர்ந்துவிட்டது என்கிறோம். தீர்ந்தது அதன் ஆற்றல்தான். அதன் எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடாக இருக்கும் காரீயம், தகடாகவும் பசையாகவும் சேறாகவும், ஒரு குன்றிமணி அளவும் குறையாமல் உள்ளேயே இருக்கிறது. இன்று உலகம் பயன்படுத்தும் காரீயத்தில் பாதிக்கு மேற்பட்டது சுரங்கத்திலிருந்து வருவதன்று. இத்தகைய பழைய பொருள்களை உருக்கி எடுப்பதே. வேறு எந்தப் பெரிய உலோகத்துக்கும் இத்தனை நல்ல மறுவாழ்வு வாய்த்திருக்கிறதா என்பது ஐயமே.

இவ்வளவையும் வகுப்பில் நானே கற்பித்திருக்கிறேன். இருந்தும் 2010-ஆம் ஆண்டில் நான் செய்தது இது.

அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியன். கணிப்பொறி அறையிலிருந்த பாட்டரிகள் பன்னிரண்டு தீர்ந்துபோயின. விதிப்படி அவற்றைக் கழித்து விற்க அனுமதி வந்தது. நகரத்துப் பாட்டரிக் கடைக்காரர் ஒரு விலை சொன்னார். மொப்பெட்டில் வந்த பழைய பொருள் வியாபாரி ஒருவர், கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். பள்ளிக்குக் கிடைக்கும் பணம் கூடுமானால் நல்லதுதானே என்று எண்ணி அவருக்கே கொடுத்தேன். கூடுதலாகக் கிடைத்த தொகையில் இரண்டு கால்பந்துகளும் ஓர் அகராதியும் வாங்கினோம். சாமர்த்தியமாகச் செய்துவிட்டோம் என்றே எனக்கு எண்ணம்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டா. முன்பு சுறுசுறுப்பாக இருந்தவன், அந்த ஆண்டு முழுவதும் வயிற்றுவலி என்பான். வாய்ப்பாட்டை மறந்து நிற்பான். எழுந்து நின்றபடியே தூங்கி விழுவான். கவனமில்லாதவன் என்று நானும் பலமுறை கடிந்துகொண்டேன். இரண்டு வாரம் அவன் வாராதிருக்கவே, ஒரு சனிக்கிழமை மாலை அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். ஊருக்கு வெளியே, வறண்ட ஏரியின் கரையில் வீடு. பின்புறம் புகை எழுந்துகொண்டிருந்தது. அவன் தந்தையும் சிற்றப்பனும் கோடரியால் பாட்டரிகளைப் பிளந்து, திராவகத்தை ஏரிக்குள் சாய்த்துவிட்டு, தகடுகளை ஒரு பெரிய இரும்புச் சட்டியில் இட்டுச் சீமைக்கருவேல விறகால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாணவன் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். நான்கு வயதிருக்கும் அவன் தங்கை, சாம்பல் குவியலருகே உட்கார்ந்து உளுத்த தகட்டுத் துண்டுகளைச் சோறாக்கி விளையாடிக்கொண்டிருந்தது. பிளந்து கிடந்த பெட்டிகளில் ஒன்றின் பக்கவாட்டில், வெள்ளை வண்ணத்தில், எங்கள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டு எண் எழுதியிருந்தது. எழுதியவன் நான்.

அந்தத் தந்தையிடம் கோபிக்க எனக்கு வாய் எழவில்லை. "சார், இது இல்லேன்னா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகணும். பிள்ளைங்க படிப்பு நின்னுபோகும்" என்றார். பிள்ளைகளின் படிப்பைக் காக்கவே அவர் அந்தச் சட்டியைக் காய்ச்சினார் என்பதை நான் இன்றளவும் மறக்கவில்லை.

காரீயம் 327 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே உருகிவிடும். செம்பு உருக 1085 பாகை வேண்டும், இரும்புக்கு 1538. ஆகவே காரீயத்தை உருக்க உலை வேண்டா, துருத்தி வேண்டா. ஓர் அடுப்பும் விறகும் போதும். இந்த எளிமையே அதன் ஆபத்து. எவர் வேண்டுமானாலும் எந்தக் கொல்லையிலும் உருக்கலாம். உருகும்போது எழும் புகையில் காரீயத்தின் நுண்துகள்கள் கலந்து, வீட்டுக் கூரையிலும், உலர்த்திய துணியிலும், குழந்தையின் விரலிலும் படிகின்றன. இத்தனை கேட்டுக்கும் ஈடாக உலோகம் முழுவதுமாவது கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. பாட்டரியின் காரீயத்தில் ஏறக்குறைய பாதி, சல்பேட்டும் ஆக்ஸைடுமாகப் பசையில் இருக்கிறது. விறகடுப்புக்கு அந்தப் பசை இணங்காது. அதனைக் கரியோடும் சோடாவோடும் சேர்த்து, ஆயிரம் பாகையளவு வெப்பமுள்ள சூளையில் இட்டால்தான் உலோகமாகும். கொல்லைப்புறத்தில் உருக்குவோர் தகட்டின் சட்டத்தை உருக்கிக்கொண்டு, பசையில் பெரும்பகுதியைக் குப்பையாகக் கொட்டிவிடுகின்றனர். அந்தக் குழந்தை அளைந்து விளையாடியது அதைத்தான்.

முறையான தொழிற்சாலையில் நடப்பது வேறு. பாட்டரிகளை மூடிய இயந்திரத்தில் உடைத்து நீர்த்தொட்டியில் விடுகிறார்கள். பிளாஸ்டிக் மிதக்கும்; காரீயம் அமிழும்; ஒன்றையொன்று பிரிக்க நீரே போதுமானதாகிறது. பிளாஸ்டிக் துண்டுகள் கழுவப்பட்டு மீண்டும் பாட்டரிப் பெட்டிகளாகின்றன. திராவகத்தைச் சோடாவோடு சேர்த்து உப்பாக்கிவிடுகிறார்கள். பசையிலுள்ள கந்தகத்தை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு சுழலும் சூளையில் இடுகிறார்கள். புகையை உறிஞ்சி, துணிப்பைகளின் வழியே செலுத்தி, தூசியைப் பிடித்து அதையும் சூளைக்கே திருப்புகிறார்கள். வேலையாட்களுக்கு முகமூடியும், வேலை முடிந்தபின் குளித்து உடைமாற்றும் அறையும், காலமுறையில் இரத்தப் பரிசோதனையும் இருக்கவேண்டும். சாலையில் லாரி லாரியாகச் செல்லும் பழைய பாட்டரிகள் சேரவேண்டிய இடம் இத்தகைய ஆலைதான்.

இப்போது அந்தப் பத்து ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம். மொப்பெட்டு வியாபாரி எனக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகத் தர எப்படி முடிந்தது? அவருடைய பாட்டரிகள் போய்ச் சேரும் இடத்தில் பாதி உலோகம் வீணாகிறது. அப்படியானால் குறைவாக அல்லவா தரவேண்டும்? தொழிற்சாலைக்காரர் துணிப்பைக்குச் செலவிடுகிறார், சோடாவுக்குச் செலவிடுகிறார், இரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுகிறார், வரியும் கட்டுகிறார். கொல்லைப்புறத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. திராவகத்தின் செலவை ஏரி ஏற்றுக்கொள்கிறது. புகையின் செலவைக் குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்த பத்து ரூபாய் வியாபாரியின் பையிலிருந்து வந்ததன்று. அந்த எட்டாம் வகுப்பு மாணவனின் உடம்பிலிருந்து வந்தது. கால்பந்து வாங்கியதும் அதில்தான்.

காரீயம் உடம்பில் என்ன செய்கிறது? நம் மாவட்டத்து மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தர்மபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால் பழுப்பேறிய பற்களோடு வளர்ந்த தலைமுறைகளை நாம் அறிவோம். அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2013-இல் மக்களுக்கு அளிக்கப்பட்டது. ஃபுளோரைடு பல்லிலும் எலும்பிலும் சென்று தங்குகிறது. காரீயமும் அவ்வாறே எலும்பில் தங்கும். சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து உள்ளே நுழையும். பல்லாண்டுகள் கழித்தும் இரத்தத்துக்குத் திரும்பும். தாயின் எலும்பிலிருந்து கருவிலிருக்கும் சிசுவுக்கும் செல்லும். ஆனால் ஃபுளோரைடு பல்லில் கறையாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காரீயம் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. மந்தம், மறதி, சிடுசிடுப்பு, வயிற்றுவலி, சோகை என்று வேறு நோய்களின் சாயலிலேயே அது தென்படும். விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகரான டக்காருக்கு அருகே தியாரோய்-சுர்-மேர் என்னும் இடம் உண்டு. பழைய பாட்டரிகள் உடைக்கப்பட்ட அவ்விடத்தின் மண்ணில் காரீயத் துணுக்குகள் நிறைந்திருந்தன. காரீயத்துக்கு விலை ஏறவே, மக்கள் அந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான காலத்தில் அங்கே பதினெட்டுக் குழந்தைகள் இறந்தன. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், அதாவது ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது என்று அது கணித்தது. அவர்களுள் 27 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். இதற்குப் பாட்டரி மட்டுமே காரணமன்று. வண்ணப்பூச்சு, கலப்பட மசாலா முதலியவையும் உண்டு. எனினும் முறையற்ற பாட்டரி உருக்குதல் முதன்மையான காரணங்களுள் ஒன்று என்று அந்த அறிக்கை கூறுகிறது.

மாணவனுக்கும் அவன் தங்கைக்கும் சேலத்தில் இரத்தம் சோதிக்கப்பட்டது. இருவருக்கும் காரீயம் மிகுந்திருந்தது. அவர்களைப் புகையிலிருந்து அகற்றுவதே முதல் மருந்து என்றார் மருத்துவர். ஊர்ப் பெரியவர்கள் சிலரும் நானும் பேசி, தந்தைக்கு ஓர் அரிசி ஆலையில் வேலை தேடினோம். அடுப்பு அணைந்தது. பையனின் வயிற்றுவலி நின்றது. பத்தாம் வகுப்பை இரண்டாம் முயற்சியில் தேறினான். அவனுடைய மறதி முழுவதும் காரீயத்தால் விளைந்ததே என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் அவனைக் கடிந்துகொண்ட நாள்களை எண்ணும்போது, எனக்கு இன்னும் நிம்மதி இல்லை.

சட்டம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. 2001-இலேயே மத்திய அரசு பாட்டரிகளுக்கான விதிகளை வகுத்து, பழையவற்றை விற்பனையாளர் திரும்பப் பெற்று, பதிவுபெற்ற ஆலைகளுக்கு அனுப்பவேண்டும் என்று கட்டளையிட்டது. பள்ளித் தலைமையாசிரியனாகிய நான் அதைப் படித்ததில்லை. 2022 ஆகஸ்டில் அவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. முன்னது காரீயப் பாட்டரியை மட்டுமே கருதியது. இது டார்ச்சுக் கட்டை முதல் மின்சார வண்டியின் பாட்டரி வரை எல்லாவற்றையும் தழுவுகிறது. உற்பத்தி செய்தவரே தம் பாட்டரியைத் திரும்பச் சேகரிக்கவும் மீட்கவும் பொறுப்பாளர் ஆகிறார். குப்பைமேட்டில் புதைப்பதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. பாட்டரியின் உலர் எடையில் எத்தனை விழுக்காடு பொருளை மீட்கவேண்டும் என்பதும் ஆண்டுவாரியாக விதிக்கப்பட்டிருக்கிறது. கையடக்கப் பாட்டரிகளுக்கும் மின்சார வண்டிப் பாட்டரிகளுக்கும் 2026-27 முதல் அது 90 விழுக்காடு. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரி தீர்ந்தால், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். அதன் விலையைக் கழித்துக்கொள்வார்கள். சீட்டும் கேட்டுப் பெறுங்கள். திராவகத்தை நீங்களாகக் கொட்டவேண்டா. வாசலில் வந்து கூடுதல் விலை சொல்பவரிடம், அது எங்கே உருக்கப்படும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி வருங்காலத்துக்குரிய பாட்டரியைப் பற்றிச் சில சொற்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி வரை நம் தர்மபுரி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அங்கே ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகின்றன. நம் மாவட்டத்து இளைஞர்கள் பலர் அத்தொழிலை நாடிச் செல்கிறார்கள். அந்த வண்டிகளுள் இருப்பது லிதியம் அயனிப் பாட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் அதை முதன்முதலில் சந்தைக்குக் கொணர்ந்தது. அதற்கு அடிகோலிய குட்டினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

அதன் வேலையை ஒகேனக்கல் பரிசலைக் கொண்டு விளக்கலாம். ஆற்றின் ஒரு கரை நம்முடையது, மறுகரை கர்நாடகத்துடையது. மின்னேற்றும்போது லிதியம் அயனிகள் ஒரு கரையிலிருந்து பரிசலேறிச் சென்று மறுகரையிலுள்ள கிராபைட்டுக்குள் தங்குகின்றன. வண்டி ஓடும்போது அவை திரும்பி வருகின்றன. போவதும் வருவதும் ஆயிரக்கணக்கான தடவை நிகழும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு பயணிகள் பாறையிடுக்கில் சிக்கித் திரும்பாமல் நின்றுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அல்லது பத்து ஆண்டுகளில் பரிசல்கள் பாதி காலியாக வரும். அப்போது பாட்டரி முதுமையடைந்தது என்கிறோம். இங்கும் எந்த உலோகமும் அழிந்துபோகவில்லை. நம் பக்கத்துக் கரையில் நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் ஆகியவை அப்படியே இருக்கின்றன. உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. லிதியம் ஆஸ்திரேலியா, சிலி முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. ஜம்முவில் ரியாசி என்னுமிடத்தில் லிதியம் இருப்பதாக 2023-இல் அறிவித்தார்கள். அது முதற்கட்டக் கணிப்பே. ஆகவே சுரங்கம் இல்லாத நமக்குப் பழைய பாட்டரியே சுரங்கம்.

இதை மீட்கும் வழி காரீயத்தின் வழியைவிடக் கடினமானது. முதலில் எஞ்சிய மின்சாரத்தை முழுவதும் வடித்துவிடவேண்டும். பிறகு காற்றுப் படாத சூழலில் நொறுக்கி, செம்பையும் அலுமினியத்தையும் பிரித்தெடுத்தால், எஞ்சுவது ஒரு கருந்தூள். நாங்கள் பலகையில் பூசிய தூளைப் போலவேதான் அது தோன்றும். ஆனால் இதன் விலை வேறு. அதைக் கந்தகத் திராவகத்தில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்த்துக் கரைத்து, ஒவ்வோர் உலோகத்தையும் ஒவ்வொரு படியில் தனியே இறக்கிவிடுகிறார்கள். சூளையில் உருக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் லிதியம் கசடோடு போய்விடும். அதனைத் தனியே மீட்கவேண்டிவரும். நம் நாட்டில் அட்டெரோ, லோஹம் போன்ற நிறுவனங்கள் இத்தொழிலைச் செய்கின்றன. அரிய கனிமங்களைப் பழைய பொருள்களிலிருந்து மீட்பதற்கென 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. மின்கல ஆராய்ச்சிக்குத் தமிழ்நாட்டிலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நல்கியதால் அமைந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பெற்ற நிலையம் அது. இரசாயனத்தில் விருப்பமுள்ள கல்லூரி மாணவர்கள் ஒருமுறையேனும் சென்று காணத்தக்கது.

லிதியம் பாட்டரியைக் கொல்லையில் உருக்க முடியாது. அந்த மட்டில் நல்லது. ஆனால் அதைக் குத்தினாலும் நசுக்கினாலும் உள்ளே தானாகவே வெப்பம் ஏறித் தீப்பற்றும். தண்ணீர் ஊற்றி அணைத்தபின்னும் மீண்டும் மூளக்கூடும். உப்பிய கைப்பேசிப் பாட்டரியை அழுத்திப் பார்ப்பதும் பிரித்துப் பார்ப்பதும் தம்பி தங்கைகள் செய்யத்தகாத சோதனை. இன்னுமொன்று. விலை குறைந்த மின்வண்டிகளில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகைப் பாட்டரி பெருகிவருகிறது. அது பாதுகாப்பானது, நீண்ட நாள் உழைப்பது. ஆனால் அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. மீட்பவருக்கு இலாபம் குறைவு. காரீயத்தைத் தேடி மொப்பெட்டில் ஆள் வருகிறான். இதைத் தேடி எவரும் வாராத நாள் வரலாம். விலையே இல்லாத பழம்பொருள் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு டார்ச்சுக் கட்டையே சாட்சி.

டார்ச்சுக் கட்டைகளையும் சுவர்க் கடிகாரக் கலங்களையும் நான் குப்பையில் போடுவதில்லை. ஆறேழு ஆண்டுகளாக ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவருகிறேன். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றையும் உற்பத்தியாளர் திரும்பப் பெறவேண்டும். சென்ற மாதம் டின் நிறைந்துவிட்டதால், அதை எடுத்துக்கொண்டு பென்னாகரம் கடைவீதியில் நான்கு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது கடைப் பையன், "தாத்தா, இதை யாரும் வாங்கறதில்லை. அந்தக் குப்பைத்தொட்டியில் போட்டுட்டுப் போங்க" என்றான். டின்னை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது இரண்டாவது டின் தொடங்கியிருக்கிறது.